ஆஸ்பத்திரியின் விலை சென்ட் கணக்கில் இல்லை

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி விற்பனைக்கு வருகிறது என்றால் முதலில் காதில் விழும் கேள்வி, "இடம் எத்தனை சென்ட்?" அடுத்தது, "மெயின் ரோட்டு மேலேயா, உள்ளே தள்ளியா?" அப்புறம்தான் லிஃப்ட், ஸ்கேன் மெஷின், ஜெனரேட்டர். புரோக்கரும் இப்படித்தான் கேட்கிறார், விற்கிற டாக்டரும் இப்படித்தான் சொல்கிறார். கல்யாண மண்டபம் வாங்குகிறவரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்பார்.

நான் ஆடிட்டர். அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிகளின் கணக்குப் புத்தகங்களோடு பல வருடம் பழகியவன். சமீப காலமாக என் மேஜைக்கு அடிக்கடி வருகிற கேள்வி, "சார், நம்ம ஆஸ்பத்திரி என்ன விலைக்குப் போகும்?" முப்பது வருடத்துக்கு முன்னால் கணவனும் மனைவியுமாக நர்சிங் ஹோம் ஆரம்பித்த டாக்டர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் டாக்டர்கள்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் பார்க்க மதுரைக்குத் திரும்ப விரும்பாத டாக்டர்கள். வாங்க ஆள் இருக்கிறது. எந்த விலைக்கு என்பதில்தான் சிக்கல்.

ஒரு மாதிரி ஆஸ்பத்திரியை வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. 40 படுக்கை. சராசரியாக ஒரு நாளைக்கு 24 நிரம்பியிருக்கும். வருடத்துக்கு 8 கோடி ரூபாய் பில். வட்டி, தேய்மானம், வருமான வரி ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன் 1 கோடியே 76 லட்சம் லாபம். தொழிலில் இதை எபிட்டா என்பார்கள். டாக்டரின் கண்ணில் இது தங்கமான வியாபாரம்.

ஆனால் அந்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டாக்டர் தம்பதியின் சொந்த வியர்வை. அறுவை சிகிச்சை நிபுணரான அவரும், மகப்பேறு பார்க்கும் மனைவியும் சம்பளமே எடுத்துக்கொள்வதில்லை. வாங்குகிறவர் அந்த இரண்டு நாற்காலிக்கும் ஆள் போட வேண்டும். வருடத்துக்கு 66 லட்சம் என்று வையுங்கள். லாபம் 1 கோடியே 10 லட்சத்துக்கு இறங்கும். கட்டடம் சொந்தம் என்பதால் வாடகையும் கணக்கில் இல்லை. நியாயமான வாடகை மாதம் இரண்டரை லட்சம் என்றால் வருடத்துக்கு 30 லட்சம் போகும். மிச்சம் 80 லட்சம். மறுபக்கம், கீழ்த்தளத்து மெடிக்கல் ஷாப் மருமகள் பெயரில் தனி நிறுவனமாக இருக்கும். ஆஸ்பத்திரி எழுதும் சீட்டில்தான் அது ஓடுகிறது. அதன் 30 லட்சத்தையும் சேர்த்தால் மறுபடி 1 கோடியே 10 லட்சம். இப்படிச் சுத்தம் செய்த எண்தான் பேச்சு தொடங்க வேண்டிய இடம். புத்தகத்தில் எழுதாத ரொக்க வசூலைக் காட்டி விலை கேட்பவர்களும் உண்டு. வரி கட்டாத வருமானத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது, அதனால் எந்த வாங்குகிறவரும் விலை தர மாட்டார். இத்தனை வருடம் மிச்சம் பிடித்த வரியை விற்கிற அன்று மடங்கு கணக்கில் கட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த 1 கோடியே 10 லட்சத்தை எத்தனையால் பெருக்குவது? ஒரு டாக்டரை நம்பி ஓடும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 6 கோடியே 60 லட்சம். பங்குச் சந்தையில் உள்ள பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் இருபது மடங்குக்கு மேலேயும் விலை போகின்றன. பேப்பரில் அதைப் படித்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று கேட்பவர்களுக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் கட்டடக் கணக்கு. இடத்தை மட்டும் விற்றால் 10 கோடி கிடைக்கும் என்றால், டாக்டர் என்ன செய்வார் தெரியுமா? வாடகையைக் கழிக்காத லாபமான 1 கோடியே 40 லட்சத்தை ஆறால் பெருக்கி 8 கோடியே 40 லட்சம் என்பார். அதன் மேல் இடம் 10 கோடி. மொத்தம் 18 கோடியே 40 லட்சம். இது ஒரே மாட்டை இரண்டு தடவை விற்கிற கதை. வாடகை கொடுக்காத லாபத்தில் கட்டடத்தின் உழைப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வாடகையைக் கழித்த வியாபாரமும் இடமும் தனித்தனி என்றால் 16 கோடியே 60 லட்சம். வாடகையைக் கழிக்காமல் ஒன்றாகப் பார்த்தால் 8 கோடியே 40 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஒரு விஷயத்தைச் சொல்கிறது: அந்த நிலம் ஆஸ்பத்திரியாக ஈட்டுவதைவிட நிலமாக அதிக விலை பெறும். 10 கோடி இடத்துக்கு வருடம் 30 லட்சம் வாடகை என்றால் 3 சதவீதம். அதனால்தான் குழுமங்கள், "கட்டடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து வருடக் குத்தகைக்குக் கொடுங்கள்" என்கின்றன. டாக்டர்களுக்கு அது அவமானமாகப் படுகிறது. எனக்கென்னவோ அது இரண்டு பேருக்கும் லாபமான யோசனையாகவே தெரிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரி வேறுபடுவது, பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதில்.

தொண்ணூறுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தேனியிலிருந்தும் பஸ் ஏறி வந்த குடும்பம், நகையை அடகு வைத்தாவது டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் ரொக்கம் கட்டும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது அந்தப் பழக்கம் முதல் முறையாக உடைந்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரை அரசு பிரீமியம் கட்டிய காப்பீடு. 2012 ஜனவரியில் அந்த இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது. நான்குவழிச் சாலைகள் கூடும் மதுரையில் எலும்பு முறிவு பார்க்கும் ஆஸ்பத்திரிகளின் வரவுப் பக்கத்தை இது எப்படி மாற்றும் என்று சொல்லத் தேவையில்லை. அரசு ஊழியர், ஓய்வூதியர் காப்பீடு தனி. முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ். தனி.

தனியார் பாலிசிப் பக்கமும் கூட்டம் கூடுகிறது. 2024 ஏப்ரல் முதல், 65 வயது தாண்டினால் புதுப் பாலிசி கிடையாது என்ற நிலை போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. முழுவதுமாக நீங்கியது. கவுண்டரில் ரொக்கம் நீட்டும் கை குறைந்துகொண்டே வருகிறது. அட்டையை நீட்டும் கை கூடுகிறது.

நோயாளிக்கு இது வரம். ஆஸ்பத்திரியின் மதிப்புக்கு? அது கணக்குப் போட்டுத்தான் தெரியும். ரொக்கம் கட்டுபவரிடம் ஒரு ஆபரேஷனுக்கு 100 ரூபாய் கிடைக்கிறது என்றால், தனியார் காப்பீட்டில் பேரம், பிடித்தம் போக 90 கிடைக்கும், அரசுத் திட்டத்தில் 55 கிடைக்கும் என்று நம் மாதிரிக்கு வைப்போம். இன்று நூறு நோயாளிகளில் 52 பேர் ரொக்கம், 24 பேர் காப்பீடு, 24 பேர் அரசு அட்டை. சராசரி 86 ரூபாய் 80 காசு. ஐந்து வருடத்தில் இது 35, 35, 30 என்று மாறினால் சராசரி 83 ரூபாய். வசூல் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் குறைகிறது. ஆனால் நர்ஸ் சம்பளமும், கரண்ட் பில்லும், மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸும் அப்படியே இருக்கின்றன. 8 கோடி பில்லில் விழுகிற 35 லட்சம் நேராக லாபத்தைத் தின்னும். 1 கோடியே 10 லட்சம் 75 லட்சமாகும். ஆறு மடங்கில் 6 கோடியே 60 லட்சம் என்றிருந்த விலை 4 கோடியே 50 லட்சம். அதே டாக்டர், அதே நோயாளிகள், அதே கட்டில். விலையில் மூன்றில் ஒரு பங்கு காணோம்.

மூன்று வருட லாபத்தின் சராசரியைப் பிடித்து விலை பேசும் பழக்கம் இங்கேதான் கவிழ்கிறது. அந்தச் சராசரி பழைய ஊரின் கணக்கு. அதிலும் 2020, 2021 கொரோனா வருடங்களைச் சேர்த்துக் கொண்டுவருகிறவரை எழுந்து நின்று கும்பிட வேண்டும். டெங்குக் காய்ச்சல் கூடும் மழை மாதங்களின் வசூலைப் பன்னிரண்டால் பெருக்குவதும் இதே வகைதான்.

அதற்காக, அரசு அட்டை நோயாளி என்றால் நஷ்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஆஸ்பத்திரியில் தினமும் 16 கட்டில் காலி. காலிக் கட்டிலுக்கு வருகிற நோயாளியால் கூடும் செலவு மருந்தும், சாப்பாடும், தையல் நூலும்தான். டூட்டி டாக்டரும் வார்டு நர்ஸும் எப்படியும் இருக்கிறார்கள். அங்கே 55 ரூபாயிலும் லாபம் நிற்கும். கட்டில் நிரம்பி வழிகிற ஆஸ்பத்திரியில் அதே 55 ரூபாய் ஒரு 100 ரூபாயை வெளியே தள்ளுகிறது. ஆக, அரசு அட்டை விகிதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வி. அந்த நோயாளிகள் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள் என்பது மிச்சப் பாதி.

இதை மதுரைக்காரர்களுக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கொடுப்பவரின் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் சேர்த்து ஆபரேஷன் செய்துகாட்டியது. 1992-இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே குறைந்த விலைக்குத் தயாரித்தது. அது அறக்கட்டளை, விற்பனைக்கு வரும் சரக்கில்லை. ஆனால் பாடம் விலை பேசுகிறவருக்கும் உண்டு. வரவு யாரோ நிர்ணயிக்கிற விகிதமாக மாறும்போது, ஓர் ஆபரேஷனுக்கு உனக்கு என்ன அடக்கம் என்பதுதான் கையில் மிஞ்சுகிற ஒரே பிடி. தன் ஆஸ்பத்திரியில் ஒரு குடலிறக்க ஆபரேஷனின் அடக்கவிலை என்ன என்று சொல்லத் தெரிந்த டாக்டர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். 'சொத்தெல்லாம் கிடக்கட்டும், அந்த ஒரு தாளைக் காட்டுங்கள்' என்று கேட்கிற வாங்குகிறவரே விவரமானவர்.

பணம் எவ்வளவு என்பதுபோல எப்போது என்பதும் விலைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும் டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தரச் சொன்னது. நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார், சரி. ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கில் பணம் விழுவது வேறு கதை. நம் மாதிரியில் அரசுத் திட்டப் பணம் 1 கோடியே 20 லட்சம், 90 நாள் தாமதம். தனியார் காப்பீடு 2 கோடி, 45 நாள் தாமதம். எப்போது பார்த்தாலும் ஏறக்குறைய 55 லட்சம் வெளியே நிற்கும். அதைச் சமாளிக்க வங்கியில் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 6 லட்சம். மருந்து சப்ளை செய்கிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார், தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்.

ஒருமுறை தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கணக்கைப் பார்க்கப் போனேன். வரவேண்டிய பாக்கி 70 லட்சம் என்று ஐந்தொகையில் அழகாக நின்றது. பில் தேதிவாரியாகப் பிரித்தால் 22 லட்சம் ஒரு வருடத்தைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனத்துக்காக பில்லைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனம் (டி.பி.ஏ.) கேட்ட விளக்கக் கடிதங்களுக்குப் பதிலே போகவில்லை. இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு அந்த மின்னஞ்சலை யாரும் திறக்கவில்லை. அந்த 22 லட்சம் சொத்து இல்லை, ஞாபகார்த்தம். அதைவிட முக்கியமானது, பில் போட்டதில் எத்தனை ரூபாய் வெட்டப்படுகிறது என்பது. கையுறை, பஞ்சு, அறை வாடகை வரம்பு என்று பிடித்தம் போகும். போட்ட பில்லை வருமானமாகக் காட்டும் புத்தகத்துக்கும் வந்த பணத்தை வருமானமாகப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவேதான் பல பேரங்கள் உடைகின்றன.

இன்னொன்று: அரசுத் திட்டப் பட்டியலில் இடம், காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் எல்லாம் ஆள் மாறினாலும் தானாகத் தொடரும் என்று நினைக்கக் கூடாது. கையெழுத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அரசு ஒரே உத்தரவில் லாபத்தை இடம் மாற்றிய அனுபவமும் நமக்கு உண்டு. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதே ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் வந்தது. சாதனத்தில் கிடைத்த லாபத்தை நம்பி, ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் அமைக்கக் கடன் வாங்கியவர்கள் திணறினார்கள். பிறகு லாபம் அறை வாடகைக்கும் நிபுணர் கட்டணத்துக்கும் நகர்ந்தது. 2022 ஜூலையில் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தச் சந்தும் கொஞ்சம் குறுகியது. எப்போதும் கீழேயே போகும் என்றும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பெரிதாக அசையாமல் கிடந்த மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்ட விகிதங்களை 2025 அக்டோபரில் திருத்தினார்கள். என்.ஏ.பி.எச். தரச்சான்று இல்லாத ஆஸ்பத்திரிக்கு 15 சதவீதம் குறைவு. மதுரை போன்ற இரண்டாம் நிலை நகரத்துக்கு 10 சதவீதம் குறைவு. ஊரை மாற்ற முடியாது, தரச்சான்றை வாங்கலாம். விற்பதற்கு இரண்டு வருடம் முன்பே அதற்கு அலைந்த டாக்டரின் விலையும், வரவேற்பறைக்கு கிரானைட் போட்ட டாக்டரின் விலையும் ஒன்றாக இருக்காது.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5-க்கு ஏறியது. 2025-இல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 ஆனது. வட்டி மாறினால், போட்ட பணத்துக்கு வாங்குகிறவர் எதிர்பார்க்கும் வருமானமும் மாறும். வரியும் மெஷின் மாற்றும் செலவும் போக நம் ஆஸ்பத்திரியில் 70 லட்சம் மிஞ்சுகிறது, அது வருடம் 6 சதவீதம் வளரும் என்று வையுங்கள். போட்ட பணத்துக்கு 17 சதவீதம் எதிர்பார்ப்பவர் அதற்கு 6 கோடியே 40 லட்சம் வரை தரலாம். 19 சதவீதம் எதிர்பார்ப்பவர் 5 கோடியே 40 லட்சத்தில் நின்றுவிடுவார். டாக்டர் எதுவும் செய்யாமலே ஒரு கோடி ஏறும் அல்லது இறங்கும்.

தோப்பூர் எய்ம்ஸ் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது. திருமங்கலம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் நோயாளி போய்விடுவார் என்று பயப்படுகின்றன. என் கவலை நர்ஸ் பற்றியது. மத்திய அரசுச் சம்பளத்தில் ஒரு வேலை பக்கத்திலேயே இருக்கும்போது, தனியார் ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியல் பழைய இடத்தில் நிற்காது.

சரி, ஏன் ஆறு மடங்கு, ஏன் இருபது இல்லை? கைராசி. நம் ஊரில் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, கைராசியான டாக்டரிடம் வருகிறார். குழுமத்தில் ஒரு டாக்டர் விலகினால் அடுத்தவர் பார்ப்பார். இங்கே டாக்டர் விலகினால் ஓ.பி. சீட்டு பாதியாகும். விலையில் ஒரு பகுதியை வாங்குகிறவர் பிடித்து வைப்பது அதனால்தான். டாக்டர் மூன்று வருடம் உட்கார வேண்டும், ஓ.பி. எண்ணிக்கை குறையாவிட்டால் மிச்சம் கிடைக்கும். எதிர்த் தெருவில் புது போர்டு போட மாட்டேன் என்றும் எழுதி வாங்குவார்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாது என்கிறது. ஆனால் நற்பெயரை விற்றவருக்கு நியாயமான வட்டாரத்துக்குள் தடை போடலாம் என்று விலக்கும் தருகிறது. அந்த நற்பெயருக்குக் கொடுத்த தொகைக்கு 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு வருமான வரியில் தேய்மானம் கிடையாது. அதனால் வாங்குகிறவர் விலையை மெஷின் மேல் ஏற்றி எழுதச் சொல்லுவார். அந்த இடத்தில் உங்கள் ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.

கமிஷன் கொடுத்து வரவழைக்கிற நோயாளிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடுக்கின்றன என்பது ஒரு காரணம். கமிஷன் அடுத்த ஆஸ்பத்திரியில் கூடுதலாகக் கிடைத்தால் ஆம்புலன்ஸ் அங்கே திரும்பிவிடும் என்பது இன்னொரு காரணம்.

நம் மாதிரி டாக்டருக்குக் கடைசியில் என்ன கிடைக்கும்? 6 கோடியே 60 லட்சத்துக்கும் 4 கோடியே 50 லட்சத்துக்கும் நடுவே பேசி, ஐந்தரைக் கோடி. அதில் 4 கோடி கையெழுத்தன்று. ஒன்றரைக் கோடி மூன்று வருடத்தில், ஓ.பி. நின்றால். பழைய சிகிச்சைகள் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு என்பதால், அதற்கென்று கொஞ்சம் பிடித்துவைப்பார்கள். கட்டடம் அவருடையதே, மாதம் இரண்டரை லட்சம் வாடகை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அவர் போக வேண்டியது குத்தகையைப் பதிவு செய்ய மட்டும்தான். சென்ட் விலை இந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை.